நாலாவது கமரா

முதல் மூன்றும் கேற்றடிக்கும் கிணற்றடிக்கும் ஹோலுக்கும்.
நாலாவதைக் குசினிக்குள் பூட்டச் சொன்னார்.
அங்கே என்னத்துக்கு என்று கேட்டேன்.
"உம்மைப் பார்க்கத்தான்" என்றார் போனில்,
கலியாணம் முடித்த புதிதில் கதைத்த அதே குரலில்.
ஏணியில் நின்ற பொடியன்
காது கேளாதவன்போல் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

கோண்டாவிலில் காலை ஆறரை என்றால்
பாரிசில் இரவு இரண்டு.
உணவகம் பூட்டி, கோப்பை கழுவி,
கடைசி ரயிலையும் தவறவிட்டு
அறைக்கு நடந்து வருகிற நேரம்.
நான் புட்டுக்கு மாக் குழைப்பதைப் பார்த்தபடி
அவர் சாப்பிடுவார்.
உப்புப் போட மறந்தால் ஞாபகப்படுத்துவார்.
அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
பொய் சொல்லக் கூடாது.

பிறகு, கேற் ஐந்து நிமிஷம் திறந்து கிடந்ததையும் கண்டார்.
மீன்காரன் சில்லறை தேடி நின்றதையும்.
இரத்தினேஸ் அக்கா போய்ச் செருப்புச் சத்தம் அடங்கமுன்
சுவர் கேட்கும்:
"அவ என்ன அவ்வளவு நேரம்?"
முகட்டில் பல்லி நகர்ந்தால்
அங்கே தலையணைக்குக் கீழே போன் அதிரும்.
நித்திரை குழம்பி எடுப்பார். ஆர் அது?
பல்லி.
"பல்லி எண்டு எப்பிடித் தெரியும்?"
இரவில் நாங்கள் கறுப்பு வெள்ளையாம்.
கண் மட்டும் எரியுமாம்,
பூனைக்குப் போல.

யதுசாவுக்கு ஒன்பது வயது.
அப்பா என்றால் அவள் மேலே பார்ப்பாள்.
பள்ளிக்கூடத்தில் குடும்பம் கீறச் சொன்னார்களாம்.
என்னைக் கீறி, தன்னைக் கீறி
அப்பாவைக் கூரை மூலையில் ஒட்டியிருந்தாள்,
சின்னச் சிவப்பு மூக்கோடு.
ரீச்சர் பலூனோ என்று கேட்டாவாம்.

ஆவணியில் வந்தார்.
ஏழு வருஷத்துக்குப் பிறகு, மூன்று கிழமை லீவில்.
முதல் நாள் வீடு நிறையச் சனம்.
இரண்டாம் நாள் ஹோலில் கதிரையைப் போட்டு இருந்தார்.
ஹோலுக்கும் குசினிக்கும் பதினொரு அடி,
நடுவில் என் பழைய சேலையில் தைத்த திரை.
நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன்.
தலைக்கு மேலே கமரா சொல்கிறது:
"பிளேன்ரீ ஒண்டு போடும்."
திரைக்கு அந்தப் பக்கம் அதே குரல்
அரைச் செக்கன் முந்தியே சொல்லிவிட்டது.

சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன்.
எட்டிப் பார்த்தால்
குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
போனுக்குள்
எட்டிப் பார்க்கிற என் முதுகு.

யதுசா புதுச் சட்டையோடு ஓடிவந்தாள்.
அவரின் முழங்காலில் உரசிக் கடந்துபோய்
ஹோல் கமராவுக்குக் கீழே நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"அப்பா, வடிவா?"
"சோக்கா இருக்கு" என்றார் போனுக்கு.
அவளும் கமராவுக்குத்தான் தலையாட்டினாள்.
இரண்டு பேருக்கும் அது போதும்போல இருந்தது.
எனக்குத்தான் கால் நடுங்கியது.

சட்டி இறக்கிற கரித்துணியை எடுத்தேன்.
எட்டி நாலாவதின் மேல் போட்டேன்.
"ஹலோ" என்றது துணி.
"ஹலோ, கறுப்பாக் கிடக்கு. லைன் போட்டுதோ?"
நான் வாய் திறக்கவில்லை.
சாயம் வடித்தேன். சீனி போட்டேன்.
இனி ரவுட்டரை நிப்பாட்டிப் போடுவார்,
பொடியனுக்குப் போன் அடிப்பார்,
பேர்கூடத் தெரியாத அந்தப் பொடியனுக்கு.

கதிரை கிறீச்சிட்டது.

திரையைப் பிடித்தபடி நின்றார்.
துணியைப் பார்த்தார்.
பிறகு என்னை, காலில் இருந்து தொடங்கி.
"நீர் இவ்வளவு உயரமே?" என்றார்.
"இதுக்குள்ள கட்டையாத் தெரிஞ்சீர்."

கோப்பையை நீட்டினேன்.
போனை எங்கே வைப்பது என்று தெரியாமல்
அம்மியில் வைத்தார்.
ஒரு வாய் குடித்துவிட்டு
சீனி காணாது என்றார்.

அதைக் கமரா சொல்லியிருக்காது.